மரம் வெட்ட மாசம் இருக்கா? வேடந்தாங்கல் கவுல் முதல் ஒரகடம் பொக்லைன் வரை

இந்த எபிசோடை ஒரு ஏரிக்கரையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் டிரெய்னியா இருந்தேன். காலை ஷிஃப்ட்னா விடியறதுக்கு முன்னாடியே ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி பஸ் ஏறணும். பாதித் தூக்கத்துல ஜன்னல் வழியா ஒரு ஏரி வரும், போகும். மழை முடிஞ்ச ஒரு மார்கழியில அந்த ஏரிக்குள்ள இருந்த கருவேல மரம் எல்லாம் வெள்ளை வெள்ளையா தெரிஞ்சுது. பாலிதீன் கவர் பறந்து வந்து முள்ளுல மாட்டியிருக்குன்னு நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சு வெளிச்சத்துல பார்த்தா, அத்தனையும் கொக்கு. நடுநடுவுல கருப்பா நீர்க்காகம். எல்லாம் கூடு கட்டியிருந்தது.

பொங்கல் முடிஞ்ச வாரம் நைட் ஷிஃப்ட் விட்டு வரும்போது அதே ஏரியில ஒரு பொக்லைன் நின்னுட்டு இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். மரத்தை ஒண்ணொண்ணா வேரோட பிடுங்கி ஒரு பக்கமா குவிச்சிட்டு இருந்தாங்க. குவியல்ல சுள்ளிக் கூடுகள். கீழ சேத்துல இன்னும் இறக்கை முளைக்காத குஞ்சுகள்.

வண்டி ஓட்டுறவர்கிட்ட போய், "அண்ணே, குஞ்சு இருக்கே. பறக்கிற வரைக்கும் நிறுத்த முடியாதா?"ன்னு கேட்டேன். அவர் வண்டியை ஆஃப் பண்ணிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்கிட்ட காட்டின பேப்பர்ல எத்தனை மரம்னுதான் இருக்கு. எப்ப வெட்டணும்னு இல்ல. மார்ச்சுக்குள்ள முடிக்கணும்னு மட்டும் சொன்னாங்க." சொல்லிட்டு இறங்கி, வண்டிக்குப் பக்கத்துல கிடந்த மூணு குஞ்சை எடுத்து கரை மேல வெச்சார். அப்புறம் ஏறி வேலையைத் தொடர்ந்தார்.

அவர் மேல எனக்குக் கோபம் வரல. ஆனா அவர் சொன்னதுல ஒரு வார்த்தை மனசுல ஒட்டிக்கிச்சு. எப்ப. மரம் வெட்டுறதுக்கு எத்தனை, எங்க, யாருக்கு ஏலம், எல்லாத்துக்கும் நம்மகிட்ட பதில் இருக்கு. எப்பங்கிற கேள்விக்கு மட்டும் காகிதத்துல இடம் இல்ல. எப்பவுமே இப்படித்தானா? அதைத் தேடிப் போன கதைதான் இன்னிக்கு.

முதல்ல அயர்லாந்து வரைக்கும் போய்ட்டு வரலாம்

ஏன் அயர்லாந்துன்னா, அங்க இந்த "எப்ப" சட்டத்துலயே எழுதியிருக்கு.

அயர்லாந்துல வயலுக்கு வயல் உயிர்வேலி. நம்ம ஊர்ல கிளுவை, கள்ளி நட்டு வேலி போடுவோமே, அது மாதிரி முள்செடிகளை வரிசையா நட்டு வளர்த்தது. காடு ரொம்பக் குறைவான நாடு, அதனால சின்னச் சின்னப் பறவைங்களுக்கு இந்த வேலிதான் வீடு. மலைச் சரிவுகள்ல இன்னொரு முள்புதர் இருக்கு. பேரு கோர்ஸ், மஞ்சள் பூ பூக்கும். எண்ணெய்ப் பசை உள்ள செடிங்கிறதால தீ வெச்சா சடசடன்னு பிடிக்கும். ஆடு மேய புதுப் புல் வரணும்னு விவசாயிங்க அதை எரிப்பாங்க. அதை நேர்ல பார்க்கணும்னா விமானம் ஏற வேண்டாம். நீலகிரிக்கு பிரிட்டிஷ்காரங்க அதைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூவோட ஒரு முள்புதரைப் பார்த்தீங்கன்னா, அது கோர்ஸா இருக்க வாய்ப்பு உண்டு.

1976ல அயர்லாந்து ஒரு வனவிலங்குச் சட்டம் போட்டது. அதோட 40ஆவது பிரிவு ஒரு தேதி வெச்சது. ஏப்ரல் 15ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் வேலியை வெட்டக் கூடாது, சாகுபடி செய்யாத நிலத்துல புதரை எரிக்கக் கூடாது. 2000ல திருத்தம் கொண்டுவந்து தொடக்கத் தேதியை மார்ச் 1ன்னு முன்னாடி இழுத்தாங்க. காரணம் எளிமையானது. அந்த மாசங்கள்ல பறவை கூடு கட்டுது. சாலைப் பாதுகாப்பு மாதிரி சில விலக்குகள் உண்டு. அந்தத் தேதிகளை ஒட்டி இன்னமும் சண்டையும் உண்டு. 2018ல ஒரு சட்டம் கொண்டுவந்து அதைத் தளர்த்தப் பார்த்தப்போ பெரிய விவாதமே நடந்தது.

எனக்கு இதுல சுவாரசியமாப் பட்டது வேற. கையில அரிவாளை வெச்சுக்கிட்டு வேலி வெட்டின காலத்துல அது குளிர்கால வேலை. இலை உதிர்ந்து, வயல்ல வேற வேலை இல்லாத மாசங்கள்ல செய்யறது. வசந்தத்துல விதைப்பு, கோடையில அறுப்பு, யாருக்கு நேரம்? டிராக்டர்ல பூட்டுற வெட்டும் இயந்திரம் வந்த பிறகு எந்த மாசமும் வெட்டலாம், ஒரு ஆள் ஒரு நாள்ல மைல் கணக்குல வெட்டலாம். முன்னாடி வேலையே பருவத்தைக் காப்பாத்துச்சு. வேலை பருவத்தை விட்டு விலகினதும் சட்டம் அந்த இடத்துக்கு வர வேண்டியதாச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, நம்ம ஊர் கதையும் இதேதான். ஒரே வித்தியாசம், நம்ம கதையில கடைசி வரி இன்னும் எழுதப்படல.

1798: ஒரு கவுல்

ஒரகடத்துல இருந்து தெற்கே நேர்கோட்டுல முப்பது சொச்சம் கிலோமீட்டர். மதுராந்தகம் பக்கத்துல வேடந்தாங்கல். ஸ்கூல்ல டூர் போயிருப்பீங்க. ஒரு சின்ன ஏரி, சுமார் 30 ஹெக்டேர். அதுக்குள்ள நீர்க்கடம்பும் கருவேலமும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கான்னு ஆயிரக்கணக்குல கூடு கட்டும்.

இதோட வரலாறு 18ஆம் நூற்றாண்டோட கடைசிக்குப் போகுது. அப்போ இந்தப் பகுதி எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் சொல்லணும். 1763ல ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியை ஜாகீரா ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1780ல ஹைதர் அலி படையெடுத்து வந்தார். அந்த செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்ல கம்பெனிப் படை நொறுங்கிப்போச்சு. போருக்குப் பிறகு ஊர்கள் காலி, ஏரிக்கரைகள் உடைஞ்சு கிடந்தது. ஏரி இல்லன்னா நெல் இல்ல, நெல் இல்லன்னா கம்பெனிக்கு வரி இல்ல.

இந்த நிலைமையில 1794ல கலெக்டரா வந்தவர் லயோனல் பிளேஸ். பேர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? மதுராந்தகம் "ஏரி காத்த ராமர்" கதையில வர்ற அதே வெள்ளைக்கார கலெக்டர்தான். அடைமழை ராத்திரி, ஏரி உடையப் போகுது, கலெக்டர் கரைக்குப் போறார், அங்க ரெண்டு பேர் வில்லோட காவல் நிக்கிறதைப் பார்க்கிறார். இப்படிப் போகும் அந்தக் கதை. கதையை நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம். ஆனா ஒரு கலெக்டர் பேரு ஏரிக் கதையில ஒட்டிக்கிச்சுன்னா, அந்த ஆளுக்கு ஏரிங்கிறது எவ்வளவு பெரிய கவலையா இருந்திருக்கும்னு புரியுது.

வேடந்தாங்கல் ஊர்க்காரங்க கலெக்டர் கிட்ட ஒரு புகார் கொண்டுபோனாங்க. சிப்பாய்கள் வந்து ஏரியில இருக்கிற பறவைகளைச் சுடுறாங்க, அதை நிறுத்தணும். பறவை மேல இரக்கம் மட்டும் இல்ல, விவசாயக் கணக்கும் அதுல இருந்தது. பறவை எச்சம் தண்ணியில கலக்குது, அந்தத் தண்ணி வயலுக்குப் பாயுது, விளைச்சல் நல்லா வருது. இன்னிக்கும் அந்த ஊர்ல இதைத்தான் சொல்லுவாங்க. வரியை மீட்கத் துடிச்சிட்டிருந்த ஒரு கலெக்டருக்கு இந்த வாதம் புரிஞ்சிருக்கும். இது என்னோட ஊகம்தான், ஆனா காலத்தைப் பார்த்தா பொருந்துது.

1798ல பிளேஸ் ஊருக்கு ஒரு கவுல் கொடுத்தார். கவுல்ங்கிறது அரபியில இருந்து வந்த சொல், "வாக்கு"ன்னு அர்த்தம். அரசு தரப்பு எழுதிக் கொடுக்கிற உறுதி. அந்தப் பறவைகளைக் காக்கிற உரிமை ஊருக்கு உண்டுங்கிறதுதான் அதோட சாரம். 1858ல இன்னொரு கலெக்டர் காலத்துல அது புதுப்பிக்கப்பட்டது. 1936ல சரணாலயம்ங்கிற அங்கீகாரம். 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1998ல ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் சரணாலயம்னு அறிவிப்பு. 2022ல ராம்சார் பட்டியல்ல இடம்.

வேடன் பேரைத் தாங்கின ஊருதான் துப்பாக்கியை நிறுத்தச் சொல்லி மனு போட்டது. இதைச் சொல்லாம விட மனசு வரல.

ஏரிக்கு ஒரு காலண்டர் இருந்தது

கவுல் துப்பாக்கியைத் தடுத்தது, சரி. ஆனா இத்தனை வருஷமா கூடு பிழைச்சதுக்கு அது மட்டுமே காரணமா இருக்க முடியாது. ஏன்னா கூடு கட்டுற பறவை வேடந்தாங்கல்ல மட்டும் இல்ல. பக்கத்துல கரிக்கிலியில இருக்கு, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்கள்ல பேர் தெரியாத எத்தனையோ ஏரியில இருக்கு. அங்கெல்லாம் கவுல் கிடையாது.

அங்க இருந்தது ஏரியோட வேலைக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை, ஏரி நிரம்பும். மார்கழி, தை, மாசியில மதகு திறந்து பாசனம். பங்குனியில தண்ணி வத்த ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசியில தரை தெரியும். அப்பதான் ஊர் ஏரிக்குள்ள இறங்கும். வண்டல் அள்ளி மாட்டு வண்டியில வயலுக்குக் கொண்டுபோறது, கரையைப் பலப்படுத்துறது, விறகு வெட்டுறது எல்லாம் அப்போதான். இதுக்குப் பேருதான் குடிமராமத்து.

இதைப் பறவையோட கணக்கு மேல வெச்சுப் பாருங்க. நத்தைகுத்தி நாரைக்கு முட்டை பொரிய சுமார் 4 வாரம். குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப அதுக்கு மேல 5 வாரமாவது ஆகும். ஏரி நிரம்பினதும் வந்து கூடு கட்டினா, ஏரி வத்தும்போது பெரும்பாலான குஞ்சு பறந்துரும். மரத்தைச் சுத்தித் தண்ணி இருக்கிற வரைக்கும் கீழ இருந்து பூனை, நாய் ஏற முடியாது, மனுஷனும் கோடாலியோட போக மாட்டான். அந்தத் தண்ணியே வேலி.

"தை மாசம் ஏரி மரத்தை வெட்டாதே"ன்னு யாரும் சட்டம் எழுத வேண்டிய அவசியம் வரல. தை மாசம் ஏரிக்குள்ள போக வழியே இல்ல.

வழி இருந்த விஷயத்துக்கு ஊர் தானே விதி போட்டுச்சு. தீபாவளி வர்ற நேரமும் பறவை வர்ற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால வேடந்தாங்கல்ல பட்டாசு வெடிக்கிறதில்ல. சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டின கொள்ளுகுடிப்பட்டியிலும் அப்படித்தான். ஒரு தலைமுறைப் பசங்க மத்தாப்பு மட்டும் கொளுத்தி வளர்ந்திருக்காங்க. தீபாவளியை விட்டுக் கொடுக்கிறது சின்ன விஷயம் இல்லன்னு உங்களுக்கே தெரியும்.

காலண்டர் எங்க மாறிச்சு?

மூணு விஷயம் சேர்ந்து நடந்தது.

ஒண்ணு, மரம். 1960கள்ல இருந்து சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்துல தமிழ்நாடு முழுக்க ஏரிகளோட நீர்ப்பிடிப்புல நாட்டுக் கருவேலம் நட்டாங்க. 1981ல இருந்து ஸ்வீடன் நாட்டு உதவியோட திட்டம் பெருசாச்சு. மரம் வளர்ந்ததும் ஏலம். விறகுக்காக நட்ட மரத்துல பறவை குடியேறிடுச்சு. அதாவது ஏரிகள்ல பறவை வீடு கட்டின மரம் பல இடங்கள்ல ஒரு நாள் வெட்டுறதுக்குன்னே வெச்ச மரம்.

கூடவே சீமைக் கருவேலம். 1877ல சென்னை மாகாணத்துல விறகுக்காக விதை கொண்டுவந்து போட்டாங்க. அயர்லாந்துக்கு கோர்ஸ் எப்படியோ, நமக்கு இது அப்படி. முள், எரிபொருள், வேலி, எரிச்சல் எல்லாம் ஒண்ணா. 2017ல சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றத்தோட மதுரைக் கிளை கடுமையா உத்தரவு போட்டது. ஊர் ஊரா வேலை நடந்தது. அதே வருஷம் சென்னையில அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. சீமைக் கருவேலம் நல்லதா கெட்டதாங்கிறது அப்போ டீக்கடை விவாதம். ஆனா கூந்தன்குளம் மாதிரி இடங்கள்ல பறவைங்க சீமைக் கருவேலத்துலயும் கூடு கட்டுது. எடுக்கணும்னா எடுக்கலாம். எந்த மாசம் எடுக்கணும்ங்கிற கேள்வி அந்த விவாதத்துல பெருசா எழும்பல.

ரெண்டு, இயந்திரம். சேத்துல இறங்கி வேலை செய்யற சங்கிலிச் சக்கர வண்டிக்கு ஏரி முழுசா காய வேண்டிய அவசியம் இல்ல. ஒரு பக்கம் மண்ணைக் கொட்டி பாதை போட்டா தை மாசத்துலயே உள்ள இறங்கலாம். தண்ணிங்கிற வேலி போச்சு.

மூணாவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. அது நிதியாண்டு.

ஏப்ரல்ல ஆரம்பிச்சு மார்ச் 31ல முடியற கணக்கு 1867ல பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்தது. ஒதுக்கின பணத்தை மார்ச்சுக்குள்ள செலவு பண்ணணும், பில் போடணும். அனுமதி, டெண்டர் எல்லாம் முடிஞ்சு, மழையும் ஓய்ஞ்சு, வேலை தரைக்கு வரும்போது எந்த மாசமா இருக்கும்? ஜனவரி, பிப்ரவரி, மார்ச். சாலை விரிவாக்கம், வாய்க்கால் வேலை, மரம் அகற்றுறது எல்லாத்துக்கும் இதான் அவசர காலம். ஏரி மரத்துல குஞ்சு இருக்கிற காலமும் இதேதான். அந்த வண்டிக்காரர் "மார்ச்சுக்குள்ள"ன்னு சொன்னதுக்குப் பின்னாடி 150 வருஷப் பழக்கம் இருக்கு.

வேடிக்கை என்னன்னா நம்ம அரசாங்கத்துக்கிட்டயே இன்னொரு வருஷக் கணக்கும் இருக்கு. பசலி. முகலாயர் காலத்துல அறுவடையை வெச்சு வந்த வருவாய்க் கணக்கு. தமிழ்நாட்டுல பசலி ஆண்டு ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும். உங்க தாத்தாவோட பட்டாவுல, அடங்கல்ல பார்த்திருப்பீங்க. மே, ஜூன்ல தாலுகா ஆபீஸ்ல ஜமாபந்தி நடக்கிறது இந்தக் கணக்கை முடிக்கத்தான். ஏரி வேலைக்கான கெடு மார்ச் 31க்குப் பதிலா பசலி முடிவுல இருந்திருந்தா, கடைசி நேர அவசரம் எல்லாம் மே, ஜூன்ல விழுந்திருக்கும். ஏரி காஞ்சிருக்கும், கூடு காலியா இருந்திருக்கும்.

ஒரே ஆபீஸ், ரெண்டு காலண்டர். பணத்தோட காலண்டர் ஒண்ணு, நெல்லோட காலண்டர் ஒண்ணு. பறவை நெல்லோட காலண்டர்ல இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

"இந்தியாவுல சட்டமே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் "வேட்டை"ங்கிற சொல்லுக்குக் கொடுக்கிற விளக்கத்தைப் படிங்க. கொல்றது, பிடிக்கிறது மட்டும் இல்ல. காட்டுப் பறவையோட முட்டையைச் சேதப்படுத்துறது, முட்டையையோ கூட்டையோ கலைக்கிறது, இதுவும் வேட்டைதான். சரணாலயத்துக்கு வெளியிலயும் இது பொருந்தும்.

படிக்கும்போது ரொம்ப வலுவா இருக்கு. ஆனா இது நடந்த பிறகு வேலை செய்யற சட்டம். முன்கூட்டியே ஒரு தேதியைச் சொல்லாது.

2022 செப்டம்பர்ல கேரளாவுல மலப்புரம் மாவட்டத்துல தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காக ஒரு பெரிய மரத்தைச் சாய்ச்சாங்க. மரம் முழுக்க கூடு. மரம் விழற வீடியோ நாடு முழுக்கப் பரவுச்சு, நீங்களும் பார்த்திருக்கலாம். மரத்தோட சேர்ந்து குஞ்சுகள் தார்ச்சாலையில விழுந்து செத்தது. வனத்துறை வழக்குப் போட்டது. மாட்டினவங்கள்ல பொக்லைன் ஓட்டினவரும் ஒருத்தர்.

அந்தச் செய்தியை மறுபடி படிச்சப்போ நம்ம ஏரிக்கரை அண்ணன் ஞாபகம்தான் வந்தது. காகிதத்துல தேதி இல்லன்னா பறவை சாகும், அது ஒரு நஷ்டம். இன்னொண்ணும் நடக்கும். சட்டப்படி வேட்டைக்காரன் ஆகுறது, நாள் கூலிக்கு வண்டி ஓட்டுற ஆள். திட்டம் போட்டவர், கெடு வெச்சவர், எண்ணிக்கை எழுதினவர் யாரும் ஏரிக்குள்ள நிக்கிறதில்ல. லீவரைப் பிடிச்சிருக்கிற கைக்குத்தான் விலங்கு. நம்ம காரிடார்ல வேலை செய்யற எல்லாருக்கும் இது தெரிஞ்ச கதைதான். மேல எடுத்த முடிவுக்குக் கீழ லைன்ல நிக்கிறவன் பதில் சொல்லணும்.

அயர்லாந்துத் தேதியை இங்க ஒட்ட முடியாது

சரி, அப்போ நாமளும் அயர்லாந்து மாதிரி ஆறு மாசத்துக்கு ஒரு தடை போட்டா முடிஞ்சுதா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்.

அங்க கிட்டத்தட்ட எல்லாப் பறவையும் ஒரே பருவத்துல கூடு கட்டும். வசந்தம், கோடை. இங்க அப்படி இல்ல. ஏரி மரத்துல கூடு கட்டுறது மழைக்கு அப்புறம். ஆள்காட்டி இருக்கே, "டிட் யூ டூ இட்"ன்னு கத்தும்னு இங்கிலீஷ்காரங்க சொல்வாங்களே, அது வெறும் தரையில முட்டை வைக்கும், பெரும்பாலும் மார்ச்சுல இருந்து ஆகஸ்டுக்குள்ள. அதுக்கு வேண்டியது தண்ணி இல்லாத திறந்தவெளி. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால்ல கம்பெனி இன்னும் வராத காலி மனை, கல்லும் புல்லுமா கிடக்கிற இடம், அதுக்கு ஏத்த இடம். ஏரி வேலையை சித்திரைக்குத் தள்ளுறது கொக்குக்கு நல்லது. ஆனா அதே சித்திரையில காலி மனையில காஞ்ச புல்லுக்குத் தீ வெச்சா, அது ஆள்காட்டி முட்டை மேல வைக்கிற தீ. தூக்கணாங்குருவிக்கு இன்னொரு கணக்கு, அது மழையை ஒட்டி வரும்.

ஆக நமக்கு ஒரு தேதி போதாது. இடத்துக்கு ஒரு தேதி வேணும். தண்ணி நிக்கிற மரத்துக்கு மழையில இருந்து பங்குனி வரைக்கும். புதருக்கும் புல்வெளிக்கும் கோடை. கேட்கச் சிக்கலாத் தெரியலாம். ஆனா எந்த நெல்லை எந்தப் பட்டத்துல விதைக்கணும்னு மாசம் பிரிச்சு வெச்சிருக்கிற ஊர் இது. சம்பாவுக்கும் நவரைக்கும் தனித்தனி மாசம் தெரியும்போது, கொக்குக்கும் ஆள்காட்டிக்கும் தெரியாதா?

கிலோமீட்டரும் மாசமும்

2020ல ஒரு பெரிய விவாதம் நடந்தது ஞாபகம் இருக்கலாம். வேடந்தாங்கலைச் சுத்தி இருக்கிற 5 கிலோமீட்டர் சரணாலயத்தை 3 கிலோமீட்டரா சுருக்குற யோசனை வந்தது. எதிர்ப்பு பலமா இருந்தது, யோசனை கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானது, தேவையானது.

ஆனா இந்த எபிசோடுக்காகப் படிக்கப் படிக்க ஒண்ணு தோணுச்சு. நாம பாதுகாப்புன்னா உடனே வரைபடத்தைத்தான் எடுக்கறோம். எத்தனை கிலோமீட்டர், கோடு எங்க. கோட்டுக்கு உள்ள எல்லாம் தடை, வெளிய எல்லாம் சரி. நான் பார்த்த ஏரி எந்தக் கோட்டுக்குள்ளயும் இல்ல. இந்தத் தொழில் காரிடார்ல இருக்கிற ஏரிகளை எல்லாம் சரணாலயம் ஆக்கப் போறதும் இல்ல. அங்க தொழிற்சாலையும் இருக்கும், சாலையும் அகலமாகும், ஏரியைத் தூர்வாரவும் வேணும். அதுல எனக்கும் சோறு இருந்தது.

அந்த ஏரிக்கு நான் கேட்கிறது கிலோமீட்டர் இல்ல, மாசம். வெட்டாதேன்னு சொல்லல. ரெண்டு, ரெண்டரை மாசம் பொறுத்து வெட்டுங்கன்னுதான். வேற எந்தப் பாதுகாப்புத் திட்டத்தையும் விட இது மலிவு. நிலம் எடுக்க வேண்டாம், வேலி போட வேண்டாம், யாரையும் காலி பண்ண வேண்டாம்.

இதைச் செய்ய இடமும் இருக்கு. 2021ல பொது இடங்கள்ல மரம் வெட்டுறதை முறைப்படுத்த தமிழ்நாட்டுல மாவட்டத்துக்கு ஒரு பசுமைக் குழு அமைச்சாங்க. அதுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். 1798ல கவுல் கொடுத்த அதே நாற்காலி. அனுமதி கொடுக்கிற காகிதத்துல மரத்தோட இனம், எண்ணிக்கைக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு கட்டம் போட்டா போதும். "கூடு உண்டா?" "வெட்டக் கூடாத மாதங்கள்." பொக்லைன் ஓட்டுற அண்ணனுக்கு அந்தக் கட்டம் ஒரு கவசமாவும் இருக்கும். "இன்னிக்கு வெட்ட மாட்டேன் சார், பேப்பர்ல இருக்கு"ன்னு அவர் சொல்லலாம்.

அந்த ஏரியை கடைசியா போன கார்த்திகையில போய்ப் பார்த்தேன். தண்ணி நல்லா இருந்தது. நடுவுல பொக்லைன் எட்டாத இடத்துல ஏழு மரம் மிச்சம் நின்னுது, எண்ணிப் பார்த்தேன். மூணு மரத்துல கூடு கட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. சுள்ளியைத் தூக்கிட்டு ஒரு நீர்க்காகம் நம்ம கம்பெனி பஸ் போற ரோட்டைத் தாண்டிப் போச்சு.

உங்க ஷிஃப்ட் பஸ் ஜன்னல் வழியா எந்த ஏரி தெரியுது, எந்த மாசம் அங்க மரம் வெள்ளையாகுதுன்னு இந்த வருஷம் குறிச்சு வைங்க. தேதியோட. பசுமைக் குழுவுக்கு ஒரு மனு எழுதணும்னா முதல்ல நம்ம கையில இருக்க வேண்டியது அந்தத் தேதிதான். வேடந்தாங்கல் ஊர்க்காரங்களும் கலெக்டரைப் பார்க்கப் போனப்போ, தங்களுக்குத் தெரிஞ்சதை எடுத்துக்கிட்டுத்தான் போனாங்க.